பதினேழாம் கேள்வி

ஜனவரி 9

வந்து சேர்ந்தாயிற்று. டவுனில் எடுத்த அறைக்கு ஜன்னல் இருக்கிறது, கொசுவலை இல்லை. குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். தலைக்குக் குளித்தால் முடி துடைப்பம் மாதிரி நிற்கிறது.

முனைவர் பட்டத்தில் இது எனக்கு ஆறாவது வருடம். உதவித்தொகை மே மாதத்தோடு நிற்கிறது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று அச்சடித்துவிட்டார்கள். அம்மா தினமும் போனில், “ஹெலன், இன்னுமா படிக்கிற?” என்கிறாள். இன்னும்தான் படிக்கிறேன், என்ன செய்யச் சொல்கிறாய்?

நவம்பர் புயலில் வாணந்தோப்பில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை. உப்பளத் தொழிலாளர்கள், தொண்ணூற்றாறு குடும்பம். இப்போது எல்லோரும் தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். எங்கள் துறையின் திட்டத்துக்குப் பெயர் ‘மனிதரை மையமாகக் கொண்ட மீட்சி’. மற்றவர்கள் சிமெண்ட் மூட்டையை எண்ணுவார்கள், நாங்கள் மனிதன் எவ்வளவு எழுந்திருக்கிறான் என்று பார்ப்போம். இருபத்தைந்து கேள்வி, நூறு மதிப்பெண். மதிப்பெண் ஏற ஏற, குடும்பம் புயலிலிருந்து மீண்டுவிட்டது என்று பொருள்.

இருபத்து நான்கு கேள்விகள் என் நெறியாளர் துவாரகநாதன் சாருடையவை. பதினேழாவது மட்டும் என்னுடையது: விருந்தோம்பல். அதை வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கவனித்து எழுத வேண்டும். வந்தவரை உட்கார வைத்தார்களா, குடிக்கக் கொடுத்தார்களா, முகம் மலர்ந்ததா? எல்லாவற்றையும் இழந்தவர்கள் அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்கும்போதுதான் மீட்சி தொடங்குகிறது. இதை இதுவரை யாரும் அளந்ததில்லை. என் ஆய்வேடு முழுக்க இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

ஜனவரி 10

சத்துணவுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினோம். கூட்டியது இந்திராணி, மகளிர் குழுத் தலைவி. வாய் ஓயாத பெண்மணி. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே சொல்லிவைத்து, கூடவே வருவாள். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது மரியாதை இல்லை என்பது சாரின் கட்டளை.

ஒப்புதல் படிவம் மூன்று பக்கம். முதல் பக்கம் முடிவதற்குள் குழந்தைகள் அழ, பெண்கள் எழுந்து போக, எனக்குக் கடுப்பாகிவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு நாலே வார்த்தையில் சொன்னேன்: “புயலுக்கப்புறம் யார் யார் நல்லா எழுந்து நிக்கிறீங்கன்னு பாக்க வந்திருக்கோம். மார்க் போடுவோம். நல்லபடியா பதில் சொல்லுங்க.” அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் தொண்ணூற்றாறு கையெழுத்தும் கைநாட்டும் வந்துவிட்டன.

மூன்றாம் பக்கத்தில், ‘இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடி லாபமோ நட்டமோ இல்லை’ என்று ஒரு வரி உண்டு. அதைப் படித்திருந்தால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள்.

ஜனவரி 13

இன்று அஞ்சம்மாள் வீடு. என் ஆய்வுக்காகவே பிறந்தவள் போல ஒருத்தி!

நாற்பத்திரண்டு வயது, குழந்தைகள் இல்லை, கணவர் வேதையன். கொட்டகை வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். உள்ளே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கைப்பிடி உடைந்து பச்சை நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு, “ஒக்காருங்க டீச்சர்” என்றாள். நான் ஆசிரியை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. எவர்சில்வர் டம்ளரில் கலர் ஊற்றிக் கொடுத்தாள். ஆரஞ்சு நிறம், தொண்டை கரகரக்கும் இனிப்பு.

“வீட்டுல உடம்பு சரியில்லாதவங்க யாரும் இருக்காங்களா?” இது ஒன்பதாம் கேள்வி.

“யாருமில்லீங்க. எல்லாரும் நல்லா இருக்கோம்.”

“வீட்டுக்காரரு?”

“அளத்துக்குப் போயிருக்காரு. உப்பு வாரணும்ல?”

கொட்டகைக்குப் பின்பக்கம் யாரோ இருமினார்கள். அவள் குரலை உயர்த்தி அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னாள். ஆடாக இருக்கும். ஆடு இருமினாலும் மனிதர் இருமுவது போலத்தான் கேட்கும்.

மொத்தம் 71. பதினேழாம் கேள்விக்குப் பத்துக்குப் பத்து. கிளம்பும்போது டம்ளரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். “பாஸா டீச்சர்?” என்று கேட்டாள். சிரித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 15

பொங்கல். துணி துவைத்தேன். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது.

ஜனவரி 18

ஐந்து வீடு முடிந்தது. நான்கில் நீல நாற்காலி, நான்கிலும் கைப்பிடியில் பச்சைக் கயிறு. நிவாரணத்தில் கொடுத்த சரக்கு போலிருக்கிறது, எல்லாமே ஒரே இடத்தில் உடைகிறது. நம் ஊர்த் தயாரிப்பு அப்படி.

நாற்காலியே இல்லாத ஒரு வீடு இந்திராணியுடையது. “நம்மள்ட்ட என்ன இருக்கு டீச்சர், பாயிலயே ஒக்காருங்க” என்றாள். தண்ணீர்கூடத் தரவில்லை. ஊருக்கே தலைவி, உள்ளுக்குள் இப்படி நொறுங்கிக் கிடக்கிறாள்! 34 போட்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 20

கணக்கு முடிந்தது. பதினேழாம் கேள்விக்கும் மொத்த மதிப்பெண்ணுக்கும் அப்படி ஒரு பொருத்தம்! சார் போனில், “ஹெலன், இது ஜப்பானுக்குப் போக வேண்டிய கட்டுரைம்மா” என்றார். ஆறு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் முறை. போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு பரோட்டா வாங்கிச் சாப்பிட்டேன். ஜூனில் கோபே நகரத்தில் மாநாடு. பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்.

மார்ச் 6

சார் கூப்பிட்டார். ஓர் அறக்கட்டளை வாணந்தோப்பில் நாற்பத்து நான்கு கான்கிரீட் வீடு கட்டத் தொடங்கிவிட்டதாம். யாருக்குக் கொடுப்பது என்று எங்கள் மதிப்பெண் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். அடியிலிருந்து நாற்பத்து நான்கு குடும்பம், அதாவது மிகக் குறைவாக எழுந்தவர்களுக்கு. பல்கலைக்கழகத்துக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

வீடு வரப்போவது ஊருக்குத் தெரியுமாம். தேர்ந்தெடுக்கும் முறையை மட்டும் பட்டியல் ஒட்டும்வரை ஊரில் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார். தெரிந்தால் எல்லோரும் அழுது காட்டுவார்கள், நியாயம்தான். படுத்தபோது அந்த மூன்றாம் பக்கம் நினைவுக்கு வந்தது, லாபமோ நட்டமோ இல்லை என்கிற வரி. ஆனால் அதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. படிக்காத வரியை வைத்து யாரையும் ஏமாற்ற முடியாது.

மார்ச் 11

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். கை நிற்க மாட்டேன் என்கிறது.

பட்டியல் போகும் முன் பத்து வீடுகளில் சரிபார்ப்பு. வழக்கம்போல் முதல் நாளே இந்திராணி சொல்லிவைத்தாள். அஞ்சம்மாள் வீட்டில் அதே கோலம், நீல நாற்காலி, கலர். எல்லாம் சரியாக இருந்தது. பஸ் நிறுத்தம் வரை வந்த பிறகுதான் குடையை விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பி நடந்தேன். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

வழியில் இந்திராணி, நீல நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எதிரே வந்தாள். பச்சைக் கயிறு காற்றில் ஆடியது. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னக்கா இது?”

“நம்ம நாற்காலிதான் டீச்சர். நீங்க எந்த வீட்டுக்கு வாரீங்களோ அந்த வீட்டுக்கு முன்கூட்டி அனுப்பிவிடுறது. படிச்ச புள்ளைய மண்ணுல ஒக்கார வைக்க முடியுமா? டம்ளரு, கலரு எல்லாம் குழுவுலதான். எங்க வீட்டுக்கு நீங்க வந்த அன்னைக்கு மட்டும் நாற்காலி வேற வீட்டுல மாட்டிக்கிச்சு. மானமே போயிருச்சு எனக்கு.”

நான் எண்ணிக்கொண்டிருந்த தொண்ணூற்றைந்து நாற்காலியும் ஒரே நாற்காலி.

அஞ்சம்மாள் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே வெயிலில், ஓலைக் கீற்றின் மேல், ஒரு மனிதரைப் படுக்க வைத்திருந்தார்கள். ஈ மொய்த்தது. அஞ்சம்மாள் அவருடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்து உள்ளே இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதையன்தான். புயலன்று தென்னை விழுந்து இடுப்பு உடைந்து, அன்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் வரும்போதெல்லாம் இவரைத் தூக்கிப் பின்னால் போட்டிருக்கிறார்கள். வாயில் துணியைக் கடித்துக்கொண்டிருந்தார், இருமல் வெளியே கேட்கக் கூடாதாம்.

என்னைப் பார்த்ததும் அஞ்சம்மாள் அவரை விட்டுவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்தத எழுதிடாதீங்க டீச்சர். ஒங்கள சாமியா நெனச்சுக் கேக்குறேன். எழுந்து நிக்கிறவங்களத்தான் பாக்க வந்திருக்கோம்னு மொத நாளே சொன்னீங்க. இவரு இப்புடிக் கெடக்குறது தெரிஞ்சா மார்க்கக் கொறச்சிருவாங்க. சித்திர வெயில்ல இந்தத் தகரத்துக்குள்ள இவரு தாங்க மாட்டாரு. ஒரு வீடு மட்டும் வந்துட்டா பொழச்சுக்குவாரு.”

வேதையன் துணியை எடுத்துவிட்டு, “அளத்துல வேலைன்னே எழுதிக்குங்க தாயி” என்றார்.

ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது: அஞ்சம்மா, மார்க் குறைந்தால்தான் வீடு. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முறையை மூச்சுவிடக் கூடாது என்று சார் சொன்னது நினைவுக்கு வந்தது. ஜப்பானும் நினைவுக்கு வந்தது, பொய் சொல்வானேன்.

“சரி, எழுதல” என்றேன். அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 12

சாரிடம் சொன்னேன். நாற்காலியைப் பற்றித்தான். வேதையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

“ஒரு வீட்டைத் திருத்தினா தொண்ணூத்தாறையும் திருத்தணும்மா. பதினேழாம் கேள்வியவே எடுக்கணும். எடுத்துட்டா உன் ஆய்வேட்டுல என்ன மிச்சம்? அட்டைதான். நீயே முடிவு பண்ணிக்கோ. நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்.”

இப்படிச் சொல்லிவிட்டால் பொறுப்பு என் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். கில்லாடி மனுஷர்.

மத்தியானம் முழுக்க யோசித்தேன். நாற்காலியைக் கடன் வாங்கினால்தான் என்ன? கடன் வாங்கியாவது உட்கார வைக்கத் தோன்றுகிறதே, அதுவும் மீட்சிதானே? இன்னும் ஆழமான மீட்சி என்றுகூடச் சொல்லலாம். இதைக் கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டும். வேதையன் விஷயத்தில் எழுத வேண்டாம் என்று அஞ்சம்மாளே காலைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டதை மீறி எழுதினால் அது துரோகம் இல்லையா? பங்கேற்பாளரின் விருப்பத்தை மதிப்பதுதான் ஆய்வு நெறி என்று நானே முதலாமாண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

மார்ச் 13

பட்டியலை அனுப்பிவிட்டேன். அஞ்சம்மாள் 71.

ஏப்ரல் 4

ரேஷன் கடைச் சுவரில் பட்டியல் ஒட்டிவிட்டார்களாம். இந்திராணி போனில் கத்தினாள். அவளுக்கு வீடு வந்துவிட்டது. “நம்பவே முடியல டீச்சர்! நாற்காலி இல்லாதவளுக்கு வீடு குடுத்திருக்காங்க!” என்று சிரித்தாள். எதைப் புரிந்துகொண்டு சிரித்தாள் என்று தெரியவில்லை.

“அஞ்சம்மா?” என்று கேட்டேன்.

“அவ பேரு இல்ல. காலையிலேருந்து சுவத்துக்கிட்டயே நிக்கிறா. போறவன் வாரவன்கிட்டல்லாம் இன்னொரு தரம் படிக்கச் சொல்றா. ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு நம்பர் வாங்கியிருக்கா.”

திருச்சிக்கு, அம்மா வீட்டுக்கு, வந்துவிட்டது நல்லதாகப் போயிற்று. தெரியாத எண்ணிலிருந்து ஏழு முறை அழைப்பு வந்தது. தலைவலி, எடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா வெண்டைக்காய் பொரித்தாள், இறங்கவே இல்லை.

ஏப்ரல் 5

அந்த எண்ணைத் தடுத்து வைத்தேன். ஆய்வாளருக்கும் பங்கேற்பாளருக்கும் நடுவே ஒரு தூரம் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 22

பாஸ்போர்ட் வந்துவிட்டது. புகைப்படத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருக்கிறது.

மே 9

அக்னி நட்சத்திரம். திருச்சியில் மின்விசிறி நெருப்பை வாரி இறைக்கிறது. தகரத்துக்குக் கீழே எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

சாயங்காலம் இந்திராணி பேசினாள். வேதையன் நேற்று மத்தியானம் போய்விட்டாராம். நாக்கு வறண்டு, மூன்று நாள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். தகரத்தின் மேல் ஈரச் சாக்குப் போட்டுப் பார்த்தார்களாம், அது கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டதாம். “புது வீட்டுக்குப் பூச்சு வேல முடியல. முடிஞ்சிருந்தா நம்ம வீட்டுத் திண்ணையிலயாவது படுக்க வச்சிருப்பேன்” என்று அழுதாள்.

இடுப்பு உடைந்தவர், எப்படியும் ரொம்ப நாள் தாங்கியிருக்க மாட்டார். மருத்துவம் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

ஏசுவே, நான் ஒரு வாக்கியம்தானே சொல்லாமல் விட்டேன்.

மே 10

விசா விண்ணப்பத்தை நிரப்பினேன். பயணத்தின் நோக்கம்: மனித நலம்.

ஜூன் 14, கோபே

முடிந்தது! அரங்கம் நிறைந்திருந்தது. கடைசிப் படமாக அஞ்சம்மாள், கையில் ஆரஞ்சு டம்ளர், பின்னால் நீல நாற்காலி. கீழே ‘எல்லாம் போன பிறகும் கொடுப்பவள்’ என்று போட்டிருந்தேன். கைதட்டல் நிற்கவே இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, இந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

இங்கே குழாய்த் தண்ணீர் இனிக்கிறது. இரண்டு முறை தலைக்குக் குளித்தேன்.

ஜூலை 3

வாணந்தோப்பில் இறுதிச் சுற்று. அஞ்சம்மாள் வீட்டை மாதிரிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று சாரிடம் கேட்டேன். “முதல் சுற்றில் இருந்தவங்க கடைசிச் சுற்றிலும் இருக்கணும்மா” என்றார். போனேன்.

வாசலில் கோலம் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது, அதே கைப்பிடி, அதே பச்சைக் கயிறு.

“ஒக்காருங்க டீச்சர். இது இப்ப நம்மதுதான். இந்திராணி புது வீட்டுக்குப் போறப்பக் குடுத்துட்டா. கடைசி நாள்ல அவருக்குப் படுத்தா மூச்சு முட்டுச்சு, அப்ப எரவல் வாங்கி இதுலதான் சாச்சு வச்சிருந்தேன்.”

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவள் கேட்டாள், குரலை உயர்த்தாமல்.

“மார்க்குக் கொறஞ்சவங்களுக்குத்தான் வீடுன்னு இந்திராணி சொன்னா. நெசமா?”

“ஆமா.”

“நீங்க கொடைய எடுக்க வந்தீங்கள்ல, அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமா?”

அவள் கண்களைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்தேன்.

“தெரியாது அஞ்சம்மா. சத்தியமா தெரியாது.”

“அதானே. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களே. நானும் அவகிட்ட அதத்தான் சொன்னேன். நாந்தான பாவி ஒங்க காலப் பிடிச்சு எழுத வேணாம்னேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வெயில்ல வந்திருக்கீங்க. கலர் வாங்க முடியல, தண்ணியாவது குடிங்க.”

அலுமினியச் செம்பில் உப்புத் தண்ணீர். முழுவதும் குடித்தேன். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவள் ஒவ்வொன்றுக்கும் நல்லபடியாகப் பதில் சொன்னாள்.

அறைக்கு வந்து கணினியில் ஏற்றினேன். பதினேழாம் கேள்விக்குப் பத்துக்குப் பத்து. ஒன்பதாம் கேள்வி, வீட்டில் நோயாளி: இல்லை. ஜனவரியிலும் இல்லை என்றுதான் இருந்தது, அதனால் ‘மாற்றம் இல்லை’ என்று பச்சையில் காட்டியது. குடும்ப உறுப்பினர் இரண்டிலிருந்து ஒன்று. கொட்டகையில் ஆளுக்கு இத்தனை அடி இடம் என்ற கணக்கில் அது மூன்று மதிப்பெண்ணைத் தானாகவே கூட்டிக்கொண்டது.

அஞ்சம்மாள் இப்போது 74.